மூன்று டயோடும் வாங்கியாச்சு, வெள்ளை ஏன் வரவில்லை?

வீட்டிலேயே ஆர்ஜிபி (சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் கலக்கும்) லேசர் புரொஜெக்டர் கட்டுகிறவர்கள் என்னிடம் கொண்டுவரும் புகார் பெரும்பாலும் ஒன்றுதான். "மூணு கலரையும் முழுசா ஏத்தினா வெள்ளை வரணும்ல சார்? எனக்கு நீலப்பச்சையா அடிக்குது." பெட்டியைத் திறக்காமலே சொல்லிவிடலாம்: சிவப்பில் கஞ்சத்தனம் காட்டியிருப்பார், நீலத்தை அள்ளிப் போட்டிருப்பார். அவரைக் குறை சொல்லவும் முடியாது. ஒவ்வொரு நிறத்தையும் தருவது ஒரு லேசர் டயோடு; வாட் கணக்கில் பார்த்தால் நீல டயோடுதான் மலிவு. ஒரே டயோடில் 2 வாட் சாதாரணமாகக் கிடைக்கிறது, 7 வாட் வரைகூட உண்டு. ஓரளவு நல்ல கதிர் தரும் சிவப்பு டயோடோ பெரும்பாலும் அரை வாட், முக்கால் வாட்டில் நின்றுவிடுகிறது.

கண் வாட்டைப் பார்ப்பதில்லை. வெளிச்சத்துக்குப் பழகிய கண்ணுக்கு உச்ச உணர்திறன் 555 நானோமீட்டர் அலைநீளத்தில்; அங்கே ஒரு வாட் ஒளி 683 லூமன் (கண் உணரும் வெளிச்சத்தின் அளவு). அதே ஒரு வாட் 520 நானோமீட்டர் பச்சையில் சுமார் 485 லூமன், 638 சிவப்பில் சுமார் 130, 445 நீலத்தில் வெறும் 20. அப்படியானால் நீலம்தான் அதிகம் வேண்டும் என்று தோன்றும். அங்கேதான் பலரும் வழுக்குகிறார்கள். நீலத்தின் வெளிச்சம் குறைவு, ஆனால் கலவைக்குச் சாயம் ஏற்றுவதில் அது படு கெட்டி. கொஞ்சம் கூடினாலும் வெள்ளை முழுக்க நீலம் பாய்ந்துவிடும்.

சர்வதேச ஒளியூட்டல் ஆணையம் 1931இல் வகுத்த நிறப்பொருத்த அட்டவணையை எடுத்து, 6500 கெல்வின் பகல் வெள்ளைக்குக் கணக்குப் போட்டால், 638, 520, 445 என்ற மூன்றுக்கும் வரும் விகிதம் ஏறக்குறைய இதுதான்: சிவப்பு 1000 மில்லிவாட், பச்சை 700, நீலம் 400. இது மூன்று கதிர்களையும் ஒன்றாக்கும் உள்கண்ணாடிகளையெல்லாம் தாண்டி வெளியே வரும் அளவு. டயோடு பெட்டியில் அச்சடித்த அளவு அல்ல. கூட்டத்தில் தனி நீலக் கதிர் எடுப்பாகத் தெரிய வேண்டும் என்று நினைப்பவர்கள் நீலத்தைக் கொஞ்சம் கூட்டிக்கொள்வார்கள். அது ரசனை.

இப்போது விளம்பரங்களில் வரும் "3.5 வாட் ஆர்ஜிபி"யைப் பாருங்கள். உள்ளே சிவப்பு அரை வாட், பச்சை ஒரு வாட், நீலம் 2 வாட் என்று வைத்துக்கொள்வோம். வெள்ளைக்கு அரை வாட் சிவப்போடு சேரக்கூடியது 350 மில்லிவாட் பச்சையும் 200 மில்லிவாட் நீலமும்தான். மொத்தம் 1050. மீதி இரண்டரை வாட்டுக்குக் கொடுத்த காசு வெள்ளைக்கு ஒன்றும் செய்யாது. அதனால் முதலில் சிவப்பை முடிவு செய்யுங்கள், அதற்குத் தக்கபடி மற்ற இரண்டையும் வாங்குங்கள். நான் சொல்லும் தேர்வுமுறை இவ்வளவுதான்.

சிவப்பிலும் அலைநீளத்தைப் பாருங்கள். பழைய டிவிடி ரைட்டரிலிருந்து பிடுங்கிய டயோடு 660 நானோமீட்டர் வாக்கில் இருக்கும். ஓசியில் வருகிறது, சரி. ஆனால் அதே வெள்ளைக்கு அது பச்சையைப் போல நான்கு மடங்கு வாட் கேட்கும்; 638 ஒன்றரை மடங்குக்கும் கொஞ்சம் குறைவாகவே கேட்கும். இருபது நானோமீட்டர் வித்தியாசம் டிரைவர் (டயோடுக்குக் கரண்ட் கொடுக்கும் சர்க்யூட்), ஹீட் சிங்க் (சூட்டை வெளியேற்றும் உலோகம்), மின்சாரம் எல்லாவற்றையும் பெருக்கிவிடுகிறது. ப்ளூரே டிரைவிலிருந்து எடுத்த 405 ஊதாவை நீலத்துக்குப் பதிலாகப் போடுகிறவர்களும் உண்டு. சலவைப்பொடி போட்டுத் துவைத்த வெள்ளைச் சட்டையிலும் ஏ4 தாளிலும் அது பளிச்சென்று நீலமாக ஒளிரும், ஏனென்றால் அவற்றில் வெண்மைக்காகச் சேர்க்கும் ஒளிர்பொருள் இருக்கிறது. அது இல்லாத சுவரில் மங்கலான ஊதா மட்டும்தான் மிஞ்சும். தாளில் சரிபார்த்த வெள்ளை திரைக்குப் போனதும் மாறிவிடும்.

சிவப்பின் இன்னொரு குணம் சூடு தாங்காமை. சூடேற ஏற அதன் ஒளி மளமளவென்று குறையும். அலைநீளமும் டிகிரிக்குச் சுமார் 0.2 நானோமீட்டர் நீண்டு, கண் குறைவாக உணரும் பக்கம் நகரும். நீலமும் பச்சையும் இவ்வளவு அசைவதில்லை. ஆக, ஏழு மணிக்கு வெள்ளையாக இருந்தது எட்டு மணிக்குப் பச்சை கலந்து நிற்கும். டயோடு கெட்டுவிட்டது என்று நினைத்து டிரைவர் கரண்டை ஏற்றுகிறார்கள், அப்போதுதான் நிஜமாகவே கெடுகிறது. பெல்டியர் (மின்சாரத்தால் ஒரு பக்கம் குளிரும் தகடு) வைத்துக் குளிர்விக்கலாம். ஆனால் கடலோர ஊர்களில் அளவுக்கு மீறிக் குளிர்வித்தால் டயோடு மூடியின் கண்ணாடியிலும் லென்ஸிலும் வியர்த்துவிடும். அறை வெப்பத்துக்குப் பக்கத்தில் நிலையாகப் பிடித்து வைத்தாலே போதும்.

டிரைவர் அனலாக் மாடுலேஷன் உள்ளதாக, அதாவது வெளிச்சத்தைப் படிப்படியாகக் கூட்டிக் குறைக்கக்கூடியதாக இருக்கட்டும். வெறும் ஆன்-ஆஃப் டிடிஎல் டிரைவரில் மொத்தமே ஏழு நிறம்தான், சமன் செய்ய இடமே இல்லை. அனலாக்கிலும் ஒரு சிக்கல்: ஒவ்வொரு டயோடும் தன் த்ரெஷோல்டு கரண்டை (அதற்கென்று உள்ள தொடக்க அளவை) தாண்டினால்தான் லேசராக எரியும். முழு வெளிச்சத்தில் அழகான வெள்ளை, பாதிக்குக் குறைத்தால் சிவப்பு மட்டும் காணாமல் போகும். டிரைவரில் உச்ச வெளிச்சத்தை அமைக்கும் சிறு திருகியான கெயின் ட்ரிம்பாட்டை மட்டும் திருகிக்கொண்டிருந்தால் இது தீராது. கரண்ட் எங்கிருந்து தொடங்கும் என்பதை அமைக்கும் ஆஃப்செட்டையும் சேர்த்து, வெள்ளைக் கோடு ஒன்றை முழு, பாதி, கால் வெளிச்சத்தில் மாறி மாறிப் பார்த்துச் சரிசெய்ய வேண்டும்.

கதிரின் தடிமனையும் யாரும் கேட்பதில்லை. பச்சை ஒரு மில்லிரேடியனும் (மீட்டருக்கு ஒரு மில்லிமீட்டர்) சிவப்பு இரண்டும் விரிந்தால், 20 மீட்டர் தூரத்தில் முதலாவது கூடுதலாக 20 மில்லிமீட்டர் அகலமாகும், இரண்டாவது 40. நடுவில் பச்சையும் ஓரத்தில் சிவப்புக் கரையுமாக ஒரு கோடு கிடைக்கும். அதை எந்த ட்ரிம்பாட்டாலும் வெள்ளையாக்க முடியாது.

மேலே சொன்ன லூமன் கணக்கு கண் பாதுகாப்புக்கும் பொருந்தும், தலைகீழாக. ஒரு வாட் நீலம் பார்வைக்கு மங்கல், விழித்திரையில் விழுவதோ முழு ஒரு வாட். அரை வாட்டுக்கு மேல் எல்லாமே நான்காம் வகுப்பு, அதாவது ஆபத்து மிகுந்த வகுப்பு லேசர். கண்ணிமைக்கும் கால் நொடியே அது கண்ணைக் கெடுக்க ஏராளம். நீலத்தை மட்டும் எரியவிட்டு, "கம்மியாத்தானே இருக்கு" என்று பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் டைக்ரோயிக்கை (கதிர்களை ஒன்றாக்கும் உள்கண்ணாடியை) திருப்புகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும். 2008 ஜூலையில் மாஸ்கோவுக்கு வெளியே நடந்த திறந்தவெளி இசைவிழா ஒன்றில் லேசர் கதிர் கூட்டத்தின் மேல் பாய்ந்து, முப்பது பேர் அளவுக்கு விழித்திரை பாதிக்கப்பட்டது.

மலிவான 532 நானோமீட்டர் பச்சை மாட்யூலிலும் கவனம் வேண்டும். அது நேரடி டயோடு இல்லை. 808 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒரு படிகத்தில் 1064 ஆகி, அடுத்த படிகத்தில் பாதியாகி 532 வருகிறது. வடிகட்டி இல்லாவிட்டால் அந்த இரண்டு அகச்சிவப்பும் கண்ணுக்குத் தெரியாமலே கூட வந்துகொண்டிருக்கும். 520 நேரடி டயோடில் இந்தத் தொல்லை இல்லை, மாடுலேஷனும் சுத்தம். கொஞ்சம் விலை கூடினாலும் நான் அதைத்தான் வாங்கச் சொல்வேன்.

பாதுகாப்புக் கண்ணாடியில் எந்த அலைநீளத்துக்கு எத்தனை ஓடி (ஒளியை எவ்வளவு தடுக்கும் என்ற அளவு) என்று அச்சடித்திருக்க வேண்டும். பச்சையையும் நீலத்தையும் மறைக்கும் ஆரஞ்சுக் கண்ணாடி சிவப்பை அப்படியே விட்டுவிடும். மூன்றையும் மறைப்பதைப் போட்டால் எதுவுமே தெரியாது. அதனால் ஒரு நேரத்தில் ஒரு நிறம், அதற்குரிய கண்ணாடி, த்ரெஷோல்டுக்குச் சற்று மேலே மட்டும் கரண்ட். கதிரை அசைத்து வரையும் ஸ்கேனரைத் தாண்டிய பாதையில் கருப்பு அலுமினியத் துண்டு ஒன்றை நிறுத்தி, அங்கே மூன்று புள்ளிகளும் ஒன்றன்மேல் ஒன்று உட்காரும்வரை டைக்ரோயிக் கண்ணாடிகளைத் திருப்புங்கள். முழு கரண்டும் வெள்ளைச் சமனும் அதற்கப்புறம்.