பதின்பருவத்தில் தூக்கம் ஏன் தள்ளிப்போகிறது?

பகலில் வகுப்பில் கண் சொக்கிக்கொண்டிருந்த பிள்ளை, இரவு 10 மணி தாண்டியதும் தெளிந்து உட்கார்ந்துவிடுகிறது. படுக்கச் சொன்னால் ‘தூக்கம் வரலை’ என்கிறது. விடுமுறை நாளில் 11 மணி வரை எழுப்ப முடிவதில்லை. இதற்குப் பெரியவர்கள் கைவசம் வைத்திருக்கும் காரணங்கள் மூன்று: சோம்பல், திமிர், கைப்பேசி. கைப்பேசிக்கு இதில் பங்கு உண்டு, அதைப் பிறகு பார்ப்போம். ஆனால் அந்தப் பிள்ளை பொய் சொல்லவில்லை. உண்மையிலேயே தூக்கம் வரவில்லை.

இது கைப்பேசிக்கு முன்பே தெரிந்த விஷயம். 1970களின் பிற்பகுதியில், அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மேரி கார்ஸ்கடன் என்ற ஆய்வாளர், அதே பிள்ளைகளை ஒவ்வொரு கோடையிலும் வரவழைத்து, இரவு 10 முதல் காலை 8 வரை படுக்க வைத்து அவர்களின் தூக்கத்தை அளந்தார். வயது ஏற ஏறத் தூக்கத் தேவை குறையும் என்பதுதான் அப்போதைய எதிர்பார்ப்பு. குறையவில்லை. வயதில் சின்னப் பிள்ளைகளும் பெரிய பிள்ளைகளும் ஏறக்குறைய ஒரே அளவாக, 9 மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகத் தூங்கினார்கள். அப்படித் தூங்கியும், பருவமடைந்த பிள்ளைகளுக்குத்தான் பகலில் கூடுதலாகத் தூக்கம் வந்தது. 1993-இல் அவரது குழு வெளியிட்ட ஆய்வு இன்னொன்றையும் காட்டியது: ஒரே வகுப்பில் படிக்கும் பிள்ளைகளிலும், உடலளவில் முதிர்ச்சி கூடியவர்களே இரவை அதிகம் விரும்புகிறவர்களாக இருந்தார்கள். ஆக, வயதைவிடப் பருவமாற்றத்துக்கே இதில் தொடர்பு அதிகம். எலி, ரீசஸ் குரங்கு போன்ற விலங்குகளிலும் பருவமடையும் காலத்தில் இதே தள்ளிப்போதல் பதிவாகியிருக்கிறது. அவற்றிடம் சமூக வலைத்தளம் இல்லை.

தூக்கம் வருவதை இரண்டு தனித்தனி இயக்கங்கள் தீர்மானிக்கின்றன. இந்த விளக்கத்தை 1982-இல் முன்வைத்தவர் சுவிட்சர்லாந்தின் சூரிச்சைச் சேர்ந்த ஆய்வாளர் அலெக்ஸாண்டர் போர்பேலி. முதலாவது தூக்க அழுத்தம். பசி ஏறுவதுபோல, விழித்திருக்கும் நேரம் கூடக்கூட இதுவும் ஏறும், தூங்கினால் வடியும். மூளை செல்கள் ஆற்றலைச் செலவழிக்கும்போது சேரும் அடினோசின் என்ற வேதிப்பொருள் இதில் முக்கியமானது. காபியில் இருக்கும் கஃபீன் செய்வது, அடினோசின் போய் ஒட்ட வேண்டிய இடத்தில் தான் உட்கார்ந்துகொள்வது. அழுத்தம் அப்படியேதான் இருக்கும், மூளைக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

இரண்டாவது உடற்கடிகாரம். மூளையின் அடிப்பக்கம் இருக்கும் ஹைப்போதலாமஸ் என்ற பகுதியில், இரு கண்களின் பார்வை நரம்புகளும் குறுக்கே கடக்கும் இடத்துக்கு நேர் மேலே, சுமார் 20,000 நரம்பு செல்கள் கொண்ட ஒரு சின்னத் திரள் இருக்கிறது. வெளிச்சமே படாவிட்டாலும் இது சுற்றிக்கொண்டிருக்கும். ஆனால் இதன் ஒரு சுற்று சரியாக 24 மணி நேரம் அல்ல. சராசரியாக 24 மணி 10 நிமிடம் போல ஆகிறது. கண்டுகொள்ளாமல் விட்டால் தினமும் கொஞ்சம் பின்தங்கும். அதைத் தினமும் திருத்தி வைப்பது காலை வெளிச்சம். மனித உடற்கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளுவது (தாமதமாக்குவது) எளிது, முன்னுக்கு இழுப்பது (சீக்கிரமாக்குவது) கடினம் என்பதற்குக் காரணமும் இந்தக் கூடுதல் நிமிடங்களே. இரவில் இருட்டிய பிறகு இந்தக் கடிகாரம் மூளையிலுள்ள பீனியல் சுரப்பியை மெலடோனின் என்ற ஹார்மோனைச் சுரக்கச் சொல்கிறது. சுரப்பு தொடங்கி ஏறக்குறைய 2 மணி நேரத்தில் தூக்கம் வரும்.

பருவமடையும்போது இந்த இரண்டுமே மாறுகின்றன. மெலடோனின் சுரக்கும் நேரம் பின்னுக்குப் போகிறது. தூக்க அழுத்தம் ஏறும் வேகமும் குறைகிறது. 10 வயதுப் பிள்ளையும் 16 வயதுப் பிள்ளையும் காலை 6 மணிக்கே எழுந்திருந்தாலும், இரவு 9 மணிக்குச் சின்னவருக்குக் கண் செருகும், பெரியவருக்குச் செருகாது. கவனிக்க வேண்டியது, தூங்கும்போது அழுத்தம் வடியும் வேகம் மாறுவதில்லை. அதாவது தாமதமாகத் தூங்கும் திறன்தான் கூடுகிறது, தூக்கத் தேவை அப்படியே இருக்கிறது. 13 முதல் 18 வயது வரை உள்ளவர்களுக்கு அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமி பரிந்துரைக்கும் அளவு 8 முதல் 10 மணி நேரம்.

வழக்கமாகத் தூங்கும் நேரத்துக்கு முந்தைய 2, 3 மணி நேரத்தில் உடற்கடிகாரம் விழிப்பை மிகப் பலமாகத் தாங்கிப்பிடிக்கிறது. நாள் முழுக்கச் சேர்ந்த தூக்க அழுத்தம் நம்மை மாலையிலேயே சாய்த்துவிடாமல் இருப்பதற்கான ஏற்பாடு இது. 12 மணிக்குத் தூங்கிப் பழகிய பிள்ளையை ‘இன்றிலிருந்து 9:30’ என்று படுக்கையில் தள்ளினால், நாளிலேயே தூக்கம் வருவதற்கு மிகக் கடினமான நேரத்தில் அதைத் தள்ளுகிறோம். இரண்டு மணி நேரம் கூரையைப் பார்த்துக் கிடக்கும். நாலைந்து நாள் இப்படிப் போனால், படுக்கை என்றாலே தூக்கம் வராத இடம் என்று மூளை பழகிவிடும். கண்டிப்பான வீடுகளில் அடிக்கடி நடக்கும் தவறு இதுதான்.

இப்போது வெளிச்சத்துக்கு வருவோம். பார்ப்பதற்கான செல்கள் தவிர, விழித்திரையில் மெலனாப்சின் என்ற நிறமி கொண்ட இன்னொரு வகை நரம்பு செல்களும் உள்ளன. 2002-இல் இவை உறுதிசெய்யப்பட்டன. இவை உருவம் பார்ப்பதற்கானவை அல்ல; வெளிச்சம் எவ்வளவு என்று உடற்கடிகாரத்துக்குச் சொல்வதே முதன்மையான வேலை. சுமார் 480 நானோமீட்டர் அலைநீளமுள்ள நீல ஒளிக்கு இவை அதிகம் தூண்டப்படுகின்றன. வெளிச்சத்தை அளக்கும் அலகு லக்ஸ். வீட்டு விளக்கில் 100 முதல் 300 லக்ஸ் வெளிச்சம் இருக்கும். மேகம் மூடிய பகலில்கூட வெளியே ஆயிரக்கணக்கான லக்ஸ். நேரடி வெயிலில் ஒரு லட்சம். பகல் முழுக்க வகுப்பறைக்குள்ளும் இரவு முழுக்க விளக்கின் கீழும் இருக்கும் பிள்ளையின் கடிகாரத்துக்குப் பகலும் இரவும் ஏறக்குறைய ஒன்றுபோலத்தான் தெரிகின்றன. 2013-இல் கொலராடோ பல்கலைக்கழகத்தின் கென்னத் ரைட் குழு, பெரியவர்கள் சிலரை மின்விளக்கும் கைப்பேசியும் இல்லாமல் ஒரு வாரம் கூடாரத்தில் தங்கவைத்தது. அவர்களின் உடற்கடிகாரம் சுமார் 2 மணி நேரம் முன்னுக்கு வந்துவிட்டது.

கைப்பேசித் திரையின் வெளிச்சம் எவ்வளவு கெடுக்கிறது? 2015-இல் வெளியான ஓர் ஆய்வில், படுக்கும் முன் 4 மணி நேரம் ஒளிரும் திரையில் புத்தகம் படித்தவர்களுக்கு மெலடோனின் சுரப்பு சுமார் ஒன்றரை மணி நேரம் தள்ளிப்போனது. ஆனால் தூக்கம் வரச் சராசரியாகக் கூடுதலாக ஆனது 10 நிமிடம்தான். திரையைப் பழுப்பாக்கும் நைட் மோடைப் போட்டுவிட்டு நிம்மதியடைவதில் அதிகப் பலன் இல்லை என்றே சொல்ல வேண்டும். பெரிய சேதம் வேறு இடத்தில் நடக்கிறது. முடிவே இல்லாமல் அடுத்தடுத்து வரும் வீடியோ நேரத்தைத் தின்கிறது. பதில் வந்ததா என்ற எதிர்பார்ப்பு மூளையைத் தூங்கவிடாது. தூக்க அழுத்தம் மெதுவாக ஏறும் வயதில் இந்தப் பிடி இன்னும் எளிது. கைப்பேசி இரவில் வேறு அறையில் சார்ஜில் இருப்பதும், எழுப்ப ஒரு சாதாரண அலாரம் கடிகாரம் இருப்பதும் எந்தச் செயலியையும்விட நன்றாக வேலை செய்யும்.

அலாரத்தால் வெட்டப்படும் தூக்கம் எது என்பதும் முக்கியம். ஆழ்தூக்கம் பெரும்பாலும் இரவின் முதல் பகுதியில் வந்துவிடும். கனவுத்தூக்கம் கடைசி மூன்றில் ஒரு பகுதியில்தான் அடர்ந்து வரும். 12 மணிக்குத் தூங்கி 6 மணிக்கு எழும் பிள்ளை இழப்பது பெரும்பாலும் இந்தக் கனவுத்தூக்கத்தை. உணர்ச்சிகளைச் சீராக வைத்திருப்பதில் அதற்குப் பங்கிருப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன. ‘6 மணி நேரம் எனக்குப் பழகிவிட்டது’ என்ற பேச்சையும் நம்ப முடியாது. 2003-இல் வெளியான ஒரு சோதனையில், பெரியவர்கள் 14 நாள் தினம் 6 மணி நேரம் மட்டும் படுக்க அனுமதிக்கப்பட்டார்கள். முடிவில் அவர்களது கவனத் தவறுகள், ஓர் இரவு முழுக்கத் தூங்காதவர்களின் அளவுக்கு வந்திருந்தன. கேட்டபோது, லேசாகத்தான் தூக்கமாக இருக்கிறது என்றார்கள். தூக்கம் குறையும்போது, அது குறைந்ததை உணரும் திறனும் சேர்ந்து மங்குகிறது.

வார நாளில் இழந்ததை ஞாயிற்றுக்கிழமை ஈடுகட்ட முயல்வதால் இன்னொரு சிக்கல் வருகிறது. வார நாளில் இரவு 12 முதல் காலை 6 வரை தூங்கினால் தூக்கத்தின் நடுப்புள்ளி 3 மணி. விடுமுறையில் 2 முதல் 11 வரை என்றால் நடுப்புள்ளி 6:30. வித்தியாசம் மூன்றரை மணி நேரம். ஒவ்வொரு வாரமும் மூன்றரை மணி நேர வித்தியாசமுள்ள நாட்டுக்குப் பறந்து திரும்பியதற்குச் சமம் இது. ஜெர்மனியின் டில் ரோன்னபெர்க்கும் சக ஆய்வாளர்களும் 2006-இல் இதைச் சமூக ஜெட்லேக் (தொலைதூர விமானப் பயணத்தில் உடற்கடிகாரம் குழம்புவதுதான் ஜெட்லேக்) என்று அழைத்தார்கள். திங்கள், செவ்வாய்க் கிழமைகளில் பிள்ளை கடுகடுப்பாக இருப்பதற்கு இது பெரிய காரணம்.

கடிகாரத்தை முன்னுக்குக் கொண்டுவர வேண்டுமென்றால், படுக்கும் நேரத்தை விட்டுவிட்டு எழும் நேரத்தைப் பிடிக்க வேண்டும். அதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. நாம் இயல்பாக விழிப்பதற்குச் சுமார் 2 மணி நேரம் முன்பு உடல் வெப்பநிலை மிகக் குறைந்த புள்ளிக்குப் போகும். அந்தப் புள்ளிக்குப் பிறகு படும் வெளிச்சம் கடிகாரத்தை முன்னுக்கு இழுக்கும். அதற்கு முன்பு படும் வெளிச்சம் பின்னுக்குத் தள்ளும்.

விடுமுறையில் இரவு 2 மணி முதல் காலை 10:30 வரை தூங்கும் 17 வயதுப் பிள்ளையை எடுத்துக்கொள்வோம். அதற்கு அந்தப் புள்ளி காலை 8:30 அளவில் இருக்கும். பள்ளி திறக்கும் நாளில் திடீரென 6 மணிக்கு எழுப்பி வெயிலில் நிறுத்தினால், அதன் உடற்கடிகாரத்துக்கு அது நடு இரவு. வெளிச்சம் எதிர்ப்பக்கமாகத் தள்ளும். முதல் நாளே பலமாக ஆரம்பித்து, வாரம் முழுக்கத் தோற்றுப்போவது இதனால்தான். மாறாக, 2 நாளுக்கு ஒருமுறை எழும் நேரத்தை 30 நிமிடம் முன்னுக்கு நகர்த்த வேண்டும்: 10, பிறகு 9:30, பிறகு 9. ஒவ்வொரு நாளும் எழுந்த ஒரு மணி நேரத்துக்குள் அரை மணி நேரமாவது வெளியே இருக்க வேண்டும். சூரியனை நேராகப் பார்க்க வேண்டியதில்லை, திறந்தவெளியில் நடந்தாலே போதும். சன்னல் ஓரம் இதற்கு ஈடாகாது. 6 மணிக்கு வந்து சேர 9 படிகள், 18 நாட்கள். ஆகவே பள்ளி திறக்க 3 வாரம் இருக்கும்போதே தொடங்க வேண்டும். படுக்கும் நேரம் தானாகப் பின்தொடரும். தூக்கம் வந்தால் மட்டும் படுத்தால் போதும். 20 நிமிடத்தில் தூக்கம் வராவிட்டால் எழுந்து, மங்கிய வெளிச்சத்தில் ஏதாவது படித்துவிட்டுத் திரும்பப் படுக்கலாம்.

பள்ளி நடக்கும்போது, விடுமுறை நாளில் எழும் நேரம் வார நாளைவிட ஒரு மணி நேரத்துக்கு மேல் தள்ளிப்போகாமல் பார்த்துக்கொண்டால் சம்பாதித்தது கைவிட்டுப் போகாது. மிச்சக் கடனைப் பிற்பகல் தூக்கத்தில் கழிக்கலாம். 20 நிமிடம், அதுவும் 3 மணிக்குள். மாலை 6 மணிக்குப் போடும் ஒன்றரை மணி நேரத் தூக்கம், இரவுக்காகச் சேர்ந்த அழுத்தத்தை வடித்துவிடும். கஃபீன் உடலில் பாதியாகக் குறையச் சுமார் 5 மணி நேரம் ஆகும். மாலை 5 மணிக் காபியில் பாதி இரவு 10 மணிக்கும் ரத்தத்தில் இருக்கும், ஆகவே மதியத்தோடு நிறுத்துவது நல்லது. படுக்கும் முன் 2 மணி நேரம் வீட்டின் கூரை விளக்குகளை அணைத்து ஒரு மேசை விளக்கோடு நிறுத்திக்கொள்ளலாம். மெலடோனின் மாத்திரையைத் தூக்க மாத்திரை என்று நினைத்து வாங்கிக் கொடுப்பது தவறு. கடிகாரத்தை நகர்த்துவதில் அதன் அளவைவிட எடுக்கும் நேரம் முக்கியம். மருத்துவர் சொல்லாமல் தரக் கூடாது. மாதக்கணக்கில் அதிகாலை 3, 4 மணி வரை தூக்கமே வராமல் பள்ளியும் தடைபட்டால், அது தாமதத் தூக்கக் கோளாறாக இருக்கலாம். தூக்க மருத்துவரைப் பார்க்க வேண்டிய நிலை அது.

பருவத்தோடு வரும் இந்தத் தாமதம் நிரந்தரம் அல்ல. ரோன்னபெர்க் குழு 2004-இல் வெளியிட்ட கணக்கின்படி, தூங்கும் நேரம் மிகப் பின்னுக்குப் போவது பெண்களுக்குச் சுமார் 19.5 வயதிலும் ஆண்களுக்குச் சுமார் 21 வயதிலும். அதன் பிறகு மெதுவாக முன்னுக்குத் திரும்பும்.

வீட்டில் எவ்வளவு செய்தாலும் பள்ளி மணி அடிக்கும் நேரம் ஓர் எல்லை போட்டுவிடுகிறது. உயர்நிலைப் பள்ளிகள் காலை 8:30-க்கு முன் தொடங்கக் கூடாது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி 2014-இல் பரிந்துரைத்தது. கலிஃபோர்னியாவில் 2022 முதல் அது சட்டம். சியாட்டில் நகரம் 2016-இல் தன் உயர்நிலைப் பள்ளிகளை 7:50-லிருந்து 8:45-க்கு மாற்றியது. நேரம் கொடுத்தால் பிள்ளைகள் இன்னும் தாமதமாகத்தான் படுப்பார்கள் என்ற அச்சம் பலருக்கும் இருந்தது. மாணவர்களின் மணிக்கட்டில் அளவுக்கருவி கட்டிப் பார்த்தபோது, படுக்கும் நேரம் அநேகமாக அப்படியே இருந்தது. கூடுதலாகக் கிடைத்த நேரத்தில் தினம் 34 நிமிடம் தூக்கத்துக்கே போயிருந்தது.