மந்திரவாதி அல்லர், மாயவித்தைக்காரர்

‘போர்த்துகீசிய மந்திரவாதி லூயிஸ் டி மாத்தோஸ்’. மொழிபெயர்ப்புகளில் இப்படிப் படித்துப் படித்து அலுத்துவிட்டது. 1970இல் மொசாம்பிக்கில் பிறந்து, போர்ச்சுகலில் வளர்ந்து, நாடு நாடாகப் போய் அரங்கில் வித்தை காட்டுகிறவர் அவர். மந்திரம் ஓதுவதும் தாயத்துக் கட்டுவதும் அவர் தொழில் அன்று.

அவர் நாட்டில் அவரை இலுசியோனிஸ்தா என்பார்கள். விளையாட்டைக் குறிக்கும் லத்தீன் வேரிலிருந்து வந்த சொல்; பொய்த்தோற்றம் காட்டுபவர் என்று பொருள். கைவேகத்தால் வித்தை செய்பவர் பிரஸ்திதிஜிதடோர். இது 19ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சில் உருவாக்கிய சொல்: விரைவும் விரலும் சேர்ந்தது. பில்லி சூனியம் வைப்பவருக்கோ ஃபெய்த்திசெய்ரோ என்று தனிச்சொல்லே உண்டு. நம் மந்திரவாதி இவர்தான்.

பிறகு ஏன் இந்தக் குழப்பம்? நம்மவர்கள் போர்த்துகீசியத்தைப் பார்ப்பதில்லை. ஆங்கிலத்தின் மேஜிஷியன் என்ற சொல் வித்தை காட்டுபவர், சூனியம் வைப்பவர் இருவரையும் குறிக்கும். அகராதியில் முதலில் கண்ணில் படுவதை எடுத்துப் போட்டுவிடுகிறார்கள். லாட்டரி எண்களை முன்கூட்டியே எழுதி வைத்துக் காட்டிய வித்தையால் மாத்தோஸ் பெயர் பெற்றவர். அதை ‘மந்திரவாதி கணித்த எண்கள்’ என்று எழுதினால், தந்திரத்தை ரசிக்க வேண்டிய வாசகர் தெய்வ வாக்கென்று நம்பக்கூடும். மொழிபெயர்ப்பாளர் செய்யக்கூடாத தீங்கு இது.

‘மந்திரக் கலைஞர்’ என்றாலும் தீராது. கலைஞரை ஒட்டவைத்ததால் மந்திரம் போய்விடுமா? பிரஸ்திதிஜிதடோரைப் பகுதி பகுதியாகப் பெயர்த்து ‘விரைவிரலர்’ என்று புதிதாகக் கட்டவும் வேண்டியதில்லை. செப்பிடுவித்தை என்ற அருமையான சொல் நம்மிடமே இருக்கிறது. செப்பு என்பது சிறு கிண்ணம். வித்தைக்காரர் மூன்று கிண்ணங்களைக் கவிழ்ப்பார். ஒன்றின் அடியில் வைத்த உருண்டை இன்னொன்றில் கிடைக்கும். உண்மையில் அது விரலிடுக்கில் ஒளிந்திருக்கும், பார்ப்பவருக்கோ உள்ளங்கை வெறுமையாகத் தெரியும். ரோமானியச் சிந்தனையாளர் செனெகாவும் கிண்ணமும் கூழாங்கல்லும் கொண்டு செய்யும் இதே வித்தையைத் தம் கடிதமொன்றில் குறிப்பிடுகிறார். இத்தனை பழைய கலைக்கு, அதன் கருவியையே பெயரில் வைத்திருக்கிறது தமிழ்!

ஆகவே சீட்டு, நாணயம், கிண்ணம் என்று கைத்திறனால் செய்பவர் செப்பிடுவித்தைக்காரர். பெட்டிக்குள் ஆளை மறையச்செய்யும் பெரிய அரங்கக் காட்சிக்கு மாயவித்தைக்காரர். ‘மாயம்’ பொய்த்தோற்றத்தைக் குறிப்பதால் இலுசியோனிஸ்தாவுக்கு அது சரியாகப் பொருந்துகிறது. மேஜிக் கலைஞர் என்று எழுதுகிறவரோடும் எனக்குச் சண்டை இல்லை. அதில் பொருள் மாறாட்டம் இல்லை.

‘காரர்’ என்றால் மதிப்புக் குறைவு என்று சிலர் தயங்குகிறார்கள். பத்திரிகைக்காரர், பாட்டுக்காரர் என்பதில் என்ன இழுக்கு? உலகம் சுற்றும் கலைஞரைச் சூனியம் வைப்பவராக்குவதுதான் இழுக்கு. மந்திரவாதி என்ற சொல்லை ஃபெய்த்திசெய்ரோ வரும் இடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.