புதைப்பதற்கு முன் டாக்டரைக் கூப்பிடுங்கள்

பட்டியில் ஆடு செத்துக் கிடந்தால், விடிவதற்குள் ஊர் முழுக்கச் சிறுத்தை என்று பேச்சாகிவிடுகிறது. அந்தப் பயத்தைக் குறை சொல்ல முடியாது. சத்தியமங்கலம் காடு 2013-இல் புலிகள் காப்பகமானது. புலிகளின் எண்ணிக்கையை இரட்டிப்பாக்கியதற்காக 2022-இல் பன்னாட்டு விருதும் வாங்கியது. அதே ஆண்டு ஜனவரியில் திருப்பூர் வரைக்கும் வந்துவிட்ட ஒரு சிறுத்தையை மயக்க ஊசி போட்டுப் பிடித்தார்கள். அந்தக் காட்டை ஒட்டிய தாளவாடியில் புலி மாட்டை அடிப்பது புதுச் செய்தியே அல்ல. ஆனால் காங்கேயம், வெள்ளகோவில் பக்கம் ஒரு கால்நடை மருத்துவராக நான் போய்ப் பார்க்கிற பட்டிகளில் பெரும்பாலும் தெருநாய்களின் வேலைதான்.

இதைச் சொன்னால் யாருக்கும் பிடிப்பதில்லை. “நாய் என்று எழுதிவிடாதீர்கள் டாக்டர்” என்பார்கள். காரணம் இருக்கிறது. காட்டு விலங்கு கொன்றால் வனத்துறை இழப்பீடு தரும். நாய் கொன்றால் நெடுங்காலம் சல்லிக்காசு கிடையாது. செத்த ஆடுகளைச் சாலையில் போட்டுப் போராடிய பிறகுதான் 2025-இல் அதற்கும் அரசு இழப்பீடு அறிவித்தது. ஆகவே இனிமேலாவது உள்ளதை உள்ளபடி எழுத விடுங்கள்.

சிறுத்தை பெரும்பாலும் தொண்டையைக் கவ்வி, மூச்சை நிறுத்திக் கொல்லும். வெளியே சில துளைகள்தான் தெரியும். அதையும் ரோமம் மறைத்துவிடும். கழுத்துத் தோலை உரித்தால்தான் உண்மை தெரியும். துளைகளுக்கு அடியில் தசையில் இரத்தம் கருஞ்சிவப்பாக உறைந்திருந்தால், கடிபட்டபோது ஆட்டுக்கு உயிர் இருந்திருக்கிறது. அப்படி எதுவும் இல்லாமல் தசை வெளிறிக் கிடந்தால், தானாகச் செத்ததைப் பிறகு ஏதோ வந்து தின்றிருக்கிறது. துள்ளுமாரி நோயில் மாலை வரை மேய்ந்த ஆடு காலையில் செத்துக் கிடப்பதுண்டு. அங்கே கேட்க வேண்டியது கூண்டல்ல, தடுப்பூசி.

நாய்க்கு அவ்வளவு சுத்தமாகக் கொல்லத் தெரியாது. பின்தொடை, மடி, வால், விலா என்று கண்ட இடத்தில் கிழித்திருக்கும். பல ஆடுகள் குதறப்பட்டுக் கிடக்கும். ஒன்றையும் ஒழுங்காகத் தின்றிருக்காது. எண்ணிக்கையை மட்டும் வைத்து முடிவு கட்டவும் கூடாது. அடைத்த பட்டிக்குள் இறங்கிய சிறுத்தையும், ஆடுகள் மிரண்டு ஓட ஓடப் பலவற்றை அடித்துப் போட்டுவிடும். கால்தடத்தைப் பாருங்கள்: நாயின் தடத்தில் நகம் பதிந்திருக்கும், சிறுத்தை நடக்கும்போது நகத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும்.

எனவே செத்த ஆட்டை இழுக்காதீர்கள், புதைக்காதீர்கள். தடத்தின் மேல் ஓர் அன்னக்கூடையைக் கவிழ்த்து வையுங்கள். வனத்துறைக்கும் கால்நடை மருந்தகத்துக்கும் உடனே சொல்லுங்கள். நம் ஊர் வெயிலில் மதியத்துக்குள் வயிறு உப்பி, தசை அழுகத் தொடங்கிவிடும்; பிறகு யார் வந்தும் பயனில்லை.

கோபத்தில் மிச்ச உடலில் குருணை மருந்தை, அதாவது பயிருக்குப் போடும் பூச்சிக்கொல்லி நஞ்சைத் தூவுகிறவர்களும் இருக்கிறார்கள். சிறுத்தையும் புலியும் 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பவை, சிறைதான். அந்த இறைச்சியைச் சிறுத்தைதான் வந்து தின்னும் என்பதும் நிச்சயமில்லை. வீட்டு நாய் தின்னும், பருந்து தின்னும். மாயாற்றுப் பள்ளத்தாக்கை ஒட்டிய ஊர்களில் பாறுக் கழுகு தின்னும். மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் என்ற வலி மருந்தால், அந்த மாடுகளின் சடலத்தைத் தின்று நாடு முழுக்க மடிந்து, 2006-இல் கால்நடைகளுக்கு அது தடைசெய்யப்பட்ட பிறகு மிஞ்சிய கொஞ்சப் பறவைகள் அவை.

பட்டிக்கு வருவோம். கிளுவை வேலி போட்ட கொறங்காட்டில் (மேய்ச்சல் நிலத்தில்) நாலு படலைக் கட்டி ஆட்டை அடைத்துவிட்டு, வீட்டுக்குப் போய்த் தூங்குவது நம் பழக்கம். சிறுத்தை மேலே தாண்டும், நாய் கீழே மண்ணைப் பறிக்கும். மேலே கம்பி வலைக் கூரையும் அடியில் கல் வரிசையும் இருந்தால் இரண்டுக்கும் ஆகும். செலவுதான். ஆனாலும் நாலைந்து ஆடு போவதை விடக் குறைவு.

கம்பி வலை போட்டாலும் தீராத ஒன்று கறிக்கோழிப் பண்ணைகளின் கழிவு. செத்த கோழிகளைச் சாக்கில் கட்டி ஓடையில் வீசுகிறார்கள். அதைத் தின்று நாய்க் கூட்டம் பெருகுகிறது. காட்டோரமாக இருந்தால் அந்த நாய்களைத் தேடிச் சிறுத்தை வருகிறது. குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டு மூடச் சொல்லிப் பண்ணைக்காரரிடம் ஆட்டுக்காரர்தான் போய்க் கேட்க வேண்டும். பெரும்பாலும் இருவரும் பங்காளிகளாகவோ சம்பந்திகளாகவோ இருப்பார்கள். அதனால்தான் யாரும் கேட்பதில்லை.