பழைய கண்ணாடி பாட்டிலில் குடிநீர்: உள்ளே நடப்பது என்ன?

நன்னாரி சர்பத்தோ பழரசமோ தீர்ந்த பிறகு அதன் கண்ணாடி பாட்டிலைக் கழுவிக் குடிநீர் நிரப்பி வைப்பது நம் வீடுகளில் நெடுநாளாக இருந்துவரும் வழக்கம். பிளாஸ்டிக் மீதான ஐயம் கூடக் கூட இந்த வழக்கத்துக்குத் திரும்புகிறவர்களும் கூடுகிறார்கள். முன்பு இருந்த பானத்தின் மணமும் சாயமும் கண்ணாடியில் ஊறி நின்று தண்ணீரில் இறங்கிவிடுமோ என்பதுதான் பலருக்கும் எழும் முதல் கேள்வி. இறங்காது. ஆனால் பாட்டில் என்பது கண்ணாடி மட்டுமன்று. தொல்லைகள் பெரும்பாலும் மூடியிலும் குறுகிய கழுத்திலும் கண்ணுக்குப் புலப்படாத கீறல்களிலும்தான் இருக்கின்றன.

பான பாட்டில்கள் எல்லாமே அநேகமாக சோடா-சுண்ணாம்புக் கண்ணாடியால் ஆனவை. இதில் 70 விழுக்காட்டுக்கும் சற்று அதிகமாக இருப்பது மணலில் உள்ள சிலிக்கா. தூய சிலிக்காவை உருக்க ஏறத்தாழ 1,700 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். சோடா எனப்படும் சோடியம் கார்பனேட்டைச் சேர்த்தால் 1,500 டிகிரி அளவிலேயே உலையை நடத்த முடிகிறது. ஆனால் சிலிக்காவும் சோடாவும் மட்டும் சேர்ந்து உண்டாகும் கண்ணாடி தண்ணீரில் கரைந்துவிடும் என்பதால், அதைக் கரையாமல் நிலைநிறுத்தச் சுண்ணாம்பும் சேர்க்கப்படுகிறது. பாட்டில் தண்ணீரைத் தாங்குவதே அந்தச் சுண்ணாம்பின் தயவால்தான். இப்படி உருவாகும் சிலிக்கான்-ஆக்சிஜன் பிணைப்பு வலை மிக நெருக்கமானது. சர்க்கரை, சாயம், வாசனைப் பொருள்கள் ஆகியவற்றின் மூலக்கூறுகள் அதற்குள் நுழைய இடமில்லை. பிளாஸ்டிக்கில் நீண்ட மூலக்கூற்றுச் சங்கிலிகளுக்கு இடையே இடைவெளிகள் உண்டு. வாசனைப் பொருள்கள் அவற்றுள் புகுந்து தங்கி, பிறகு மெல்ல வெளியேறுகின்றன. ஊறுகாய் வைத்த பிளாஸ்டிக் டப்பா எத்தனை முறை கழுவினாலும் மணப்பது இதனால்தான். கண்ணாடியும் தண்ணீரோடு முற்றிலும் உறவற்றது என்று சொல்லிவிட முடியாது. அதன் மேற்பரப்பிலுள்ள சோடியம் அயனிகள் தண்ணீரின் ஹைட்ரஜன் அயனிகளோடு மிகச் சிறிய அளவில் இடம் மாறிக்கொள்கின்றன. குடிக்கிறவருக்கு அதனால் கெடுதல் எதுவும் இல்லை.

அப்படியானால் சில பாட்டில்களில் பழைய மணம் வீசுவது ஏன்? அநேகமாக மூடிதான் காரணம். திருகு மூடியின் உட்புறத்தில் மென்மையான பிளாஸ்டிக் வளையமோ தகடோ பதிக்கப்பட்டிருக்கும். கம்பிப் பூட்டு வைத்த பாட்டிலில் ரப்பர் வாஷர் இருக்கும். இவை இரண்டும் மணத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளக்கூடியவை. சோதித்துப் பார்ப்பது எளிது. கழுவிய பாட்டிலில் தண்ணீர் நிரப்பி, மூடிக்குப் பதிலாகச் சிறு கிண்ணம் ஒன்றைக் கவிழ்த்து இரவு முழுவதும் வைத்துவிட்டுக் காலையில் முகர்ந்து பார்க்க வேண்டும். மறுநாள் அதே பாட்டிலை அதன் மூடியைக் கொண்டே மூடி வைத்துப் பார்க்க வேண்டும். மணம் இரண்டாம் நாள் மட்டும் வருமானால் மாற்ற வேண்டியது பாட்டிலை அன்று, மூடியைத்தான். உட்பூச்சு உரிந்து துருப்பிடித்த தகர மூடியையும் தயங்காமல் எறிந்துவிடலாம். சோடா பாட்டிலின் விளிம்பு மடித்த தகர மூடி, 1892-ல் வில்லியம் பெயின்டர் காப்புரிமை பெற்ற வடிவமைப்பு. ஒரே ஒரு முறை இறுக மூடுவதற்காக உருவானது. நெம்பித் திறக்கும்போது வளைந்துவிடுவதால், திரும்ப அழுத்தினாலும் அது இறுக்கமாக மூடாது.

குறுகிய கழுத்து குடிநீருக்கு ஒரு பாதுகாப்பு. குடத்தில் டம்ளரை விட்டு மொள்ளும்போது விரல் நுனிகளும் தண்ணீரில் நனைகின்றன. சுத்தமாக வந்த நீர் வீட்டுக்குள் மாசுபடும் வழிகளில் இது முக்கியமானது. கை நுழைய முடியாத வாயுள்ள கலங்களில் நீரைச் சேமிக்கும்படி பொதுச் சுகாதார வல்லுநர்கள் வற்புறுத்துவதற்குக் காரணமும் அதுவே. ஆயினும் கை நுழையாத இடத்தில் தேய்ப்பும் எளிதில் நுழையாது. தண்ணீரிலுள்ள பாக்டீரியாக்கள் வழவழப்பான கண்ணாடிச் சுவரிலும் ஒட்டிக்கொள்கின்றன. ஒட்டிய பிறகு சர்க்கரைச் சங்கிலிகளாலான பசை ஒன்றைச் சுரந்து, அதற்குள் கூட்டமாகத் தங்குகின்றன. இதற்கு உயிர்ப்படலம் என்று பெயர். பல நாள் கழுவாத குடத்தின் உட்சுவரில் விரலை வைத்தால் தட்டுப்படும் வழுக்கல் இதுதான். பாட்டிலில் விரல் வைத்துப் பார்க்க முடியாது. வெளிச்சத்துக்கு எதிரே சாய்த்துப் பிடித்தால், தோள்பகுதியின் வளைவிலும் அடியோரத்திலும் மங்கலான படிவாகத் தெரியக்கூடும். தண்ணீரை ஊற்றிக் கொப்பளித்தால் இந்தப் பசை போகாது, தேய்ப்பு வேண்டும். நீண்ட காம்புள்ள பாட்டில் பிரஷ் சிறந்தது. அது இல்லாவிட்டால், ஒரு பிடி அரிசியோ கல்லுப்போ போட்டு, கொஞ்சம் சோப்புத் தண்ணீர் ஊற்றி, தோளின் வளைவில் படும்படி நன்றாகச் சுழற்றிக் குலுக்க வேண்டும். பாட்டிலில் வாய் வைத்துக் குடிக்காமல் இருப்பதும் முக்கியம். எச்சிலோடு போகும் உணவுத் துகள்கள் இந்தப் படலத்துக்குத் தீனியாகின்றன. கழுவியதை நேராகக் கவிழ்த்துத் தரையில் ஊன்றி வைத்தால் உள்ளே காற்று புகாமல் ஈரம் தங்கிவிடும். வாய் தரையில் படியாமல் சற்று உயர்ந்து நிற்குமாறு சாய்த்துக் கவிழ்ப்பது நல்லது.

உப்புத் தண்ணீர் வரும் ஊர்களில் படியும் வெண்மையான கறை வேறு வகை. அது கால்சியம் கார்பனேட். சோப்புக்கு அசையாது, புளிக்கரைசலிலோ எலுமிச்சைச் சாற்றிலோ ஊறவைத்தால் கரைந்துவிடும்.

அரிசிக்குப் பதில் மணலைப் போட்டுக் குலுக்குகிறவர்கள் உண்டு. அதை நான் உறுதியாக வேண்டாம் என்பேன். கடினத்தன்மையை அளக்கும் மோ அளவுகோலில் மணல் 7, பாட்டில் கண்ணாடி 6-க்கும் சற்றுக் குறைவு, உப்போ சுமார் 2. ஆகவே மணல் கண்ணாடியைக் கீறும், உப்பு கீறாது. கீறலை நாம் அழுக்கு தங்கும் இடமாக மட்டுமே நினைக்கிறோம். உண்மையில் பாட்டிலின் ஆயுளையே அது தீர்மானிக்கிறது. அணுப் பிணைப்புகளின் வலிமையைக் கணக்கிட்டால் கண்ணாடி நாம் காண்பதைவிடப் பல மடங்கு உறுதியாக இருக்க வேண்டும். அவ்வாறு இல்லாததன் காரணத்தை, 1921-ல் வெளியான தம் ஆய்வுக் கட்டுரையில் ஆங்கிலேயப் பொறியாளர் ஆலன் ஆர்னால்ட் கிரிஃபித் விளக்கினார்: மேற்பரப்பிலுள்ள நுண்ணிய பிளவு ஒவ்வொன்றின் நுனியிலும் இழுவிசை குவிகிறது, குவிந்த விசை பிளவை மேலும் நீட்டுகிறது. போதாக்குறைக்கு, பிளவின் நுனியை எட்டும் நீர் மூலக்கூறுகள் அங்கே விறைத்து நிற்கும் சிலிக்கான்-ஆக்சிஜன் பிணைப்பை அறுக்கவும் உதவுகின்றன. சும்மா வைத்திருந்த பாட்டில் ஒரு நாள் தானாக விரிசல் விடுவதற்குப் பின்னால் பெரும்பாலும் இப்படியொரு பழைய கீறல் இருக்கும். பலமுறை ஆலைக்குப் போய்த் திரும்பிய சோடா பாட்டில்களின் தோளிலும் அடியிலும் வெண்மையான தேய்மான வளையங்களைக் காணலாம். ஒன்றோடொன்று உரசிய தடங்கள் அவை. அவ்வளவு தேய்ந்த பாட்டிலை வெந்நீருக்குப் பயன்படுத்தக் கூடாது.

வெந்நீர் இங்கே தனியாகக் கவனிக்க வேண்டிய ஒன்று. கண்ணாடி வெப்பத்தை மெதுவாகவே கடத்தும். கொதிநீரை ஊற்றியதும் உட்பரப்பு சூடேறி விரிய முயல்கிறது. வெளிப்பரப்பு இன்னும் குளிர்ந்தே இருப்பதால் இழுபடுகிறது. சூடான பாட்டிலைக் குழாயடியில் நீட்டினால் நேர்மாறாக, குளிர்ந்த பரப்பு சுருங்க முயன்று தானே இழுபடுகிறது; இது இன்னும் அபாயமானது. சாதாரண பாட்டில் தாங்கக்கூடிய திடீர் வெப்ப வேறுபாடு ஏறத்தாழ 40 டிகிரி. சமையலறையில் 30 டிகிரியில் இருக்கும் பாட்டிலில் கொதிநீர் ஊற்றினால் வேறுபாடு 70. சுவர் மெல்லியதாகவும் அடி தடித்ததாகவும் இருப்பதால் இரண்டும் ஒரே வேகத்தில் சூடாவதில்லை. அடிப்பகுதி வட்டமாகக் கழன்று விழுவது அதனால்தான். ஆய்வகக் குடுவைகள் செய்யும் போரோசிலிக்கேட் கண்ணாடி இதில் மூன்றில் ஒரு பங்கு அளவே விரிவடைவதால் தாங்கிக்கொள்கிறது. பாட்டிலைக் கொதிக்கவைத்துத் தூய்மைப்படுத்த விரும்பினால், பாத்திரத்தின் அடியில் துணி விரித்து, பச்சைத் தண்ணீரில் அதை முழுக அமிழ்த்தி, தண்ணீரோடு சேர்த்தே சூடேற்றி, அதே நீரிலேயே ஆறவிட வேண்டும்.

ஃப்ரீசருக்குள் நிரம்பிய பாட்டிலை வைக்கவே கூடாது. தண்ணீர் உறையும்போது பருமன் சுமார் 9 விழுக்காடு கூடுகிறது. மேற்பரப்பிலும் ஒடுங்கிய கழுத்திலும் நீர் முன்னதாக உறைந்து அடைத்துக்கொள்ளும். அதற்குக் கீழே உறையும் நீருக்கு விரிய வழியில்லை. மூடியைத் திறந்து வைத்தாலும் பயனில்லாமல் போவது இதனால்தான்.

எந்தப் பாட்டிலை எடுக்கலாம் என்பதில் ஒரு விதிக்கு விலக்கே கிடையாது: மண்ணெண்ணெய், பூச்சிமருந்து, ஆசிட், பினாயில் ஆகியவற்றில் எதையேனும் ஒரு முறை ஊற்றி வைத்த பாட்டில் குடிநீருக்கு ஆகாது. கண்ணாடி அவற்றை உறிஞ்சியிருக்காது என்பது உண்மைதான். ஆனால் சுவரில் ஒட்டிய எண்ணெய்ப் படலமும் மூடியில் ஊறியதும் முழுதாகப் போனதா என்பதை வீட்டில் உறுதிசெய்ய வழியில்லை. அதேபோல, குடிநீர் பாட்டிலில் இவற்றை ஊற்றி வைப்பதும் தவறு. தாகத்தில் எடுத்துக் குடிக்கும் குழந்தைக்கு வேறுபாடு தெரியாது. ஹைரம் காட் வடிவமைத்த கோலி சோடா பாட்டிலையும் விட்டுவிடலாம். கழுத்திலுள்ள கோலியும் ரப்பர் வளையமும் பிரஷ்ஷுக்கு வழிவிடுவதில்லை.

வாய்ப்பகுதியில் சில்லு பெயர்ந்த பாட்டிலின் பயன் அங்கே முடிகிறது. நுண்ணிய துகள் தண்ணீரோடு தொண்டைக்குள் போகலாம். அதைத் தடித்த காகிதத்தில் சுற்றி, கையாளுகிறவருக்குக் காயம் படாதபடி, உலர்ந்த குப்பையோடு தனியாகக் கொடுக்க வேண்டும். பழைய கண்ணாடித் துண்டுகள் புது மணலைவிடக் குறைந்த எரிபொருளில் உருகுவதால், உலையில் அவற்றுக்கு எப்போதும் தேவை இருக்கிறது. அடுப்பில் வைக்கும் போரோசிலிக்கேட் பாத்திரத்தின் உடைசலை மட்டும் அதோடு கலக்கக் கூடாது. அது உருகும் வெப்பநிலை வேறு என்பதால், புதிதாக வார்க்கும் பாட்டிலில் உருகாத கட்டியாக நின்று அங்கேயே பலவீனத்தை உண்டாக்கிவிடும்.