முதுகில் படியும் உப்பு: சீனச் சரித்திரத் தொடர்களின் ஆடைகளும் அவற்றுக்குள் இருக்கும் மனிதர்களும்

படப்பிடிப்பு முடிந்து ஆடைகள் திரும்பி வரும் இரவில், நான் முதலில் அவற்றை உட்புறம் வெளியே தெரியும்படி திருப்பிப் போடுவேன். முதுகுப் பக்கத்தில் வெள்ளைக் கோடுகள் தெரியும். வியர்வை காய்ந்து படிந்த உப்பு அது. ஒரு கோடு இருந்தால், அதை உடுத்தியவர் அன்று ஒருமுறை நனைந்து காய்ந்திருக்கிறார். கடற்கரை மணலில் அலை விட்டுச்சென்ற தடம்போல மூன்று நான்கு கோடுகள் இருந்தால், அந்த மனிதரை நாள் முழுவதும் யாரும் நிழலில் உட்கார வைக்கவில்லை என்று பொருள்.

நான் ஆடைப் பிரிவில் வேலை செய்யும் ஹெங்தியன், சீனாவின் செஜியாங் மாகாணத்தில் இருக்கிறது. 1996இல் அபினிப் போர் பற்றிய ஒரு திரைப்படத்துக்காகப் பழைய தெருக்களைக் கட்டியதில் தொடங்கிய படப்பிடிப்பு நகரம் இது. இன்று பேரரசர்களின் அரண்மனை முதல் கோட்டை மதில் வரை எல்லாம் இங்கே அச்சு அசலாக நிற்கின்றன. ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் வெயில் 40 டிகிரியை நெருங்கும். கல் பாவிய முற்றத்தில் நிற்பவருக்கு அனல் மேலிருந்தும் வரும், கீழிருந்தும் வரும். அந்த வெயிலில்தான் பனிக்காலக் காட்சிகளையும் எடுக்கிறோம். முக்கிய நடிகர்களின் தேதி எப்போது கிடைக்கிறதோ, அரங்கு எப்போது காலியாக இருக்கிறதோ, அப்போதுதான் படப்பிடிப்பு. கதையில் மார்கழியா சித்திரையா என்று வானம் பார்ப்பதில்லை. தூவிய காகிதப் பனியில் கம்பளிப் போர்வையும் மென்மயிர்க் கழுத்துப்பட்டியுமாக ஒரு பெண் நடுங்கி நடிப்பாள். நாடித்துடிப்பு காதில் கேட்கும் அளவுக்கு அவள் உடல் கொதித்துக்கொண்டிருக்கும்.

சீனாவில் இன்றைய பார்வையாளர்கள் ஆடை விஷயத்தில் மிகவும் கூர்மையானவர்கள். சீனாவின் பெரும்பான்மை இனமான ஹான் மக்களின் மரபு உடையில் உடுத்துபவரின் இடப்பக்க மடிப்பு வலப்பக்க மடிப்பின் மேல் படிந்து, வலது விலாவில் நாடாவால் முடியப்பட வேண்டும். மாறி உடுத்தினால் அது அயலாரின் வழக்கம் அல்லது இறந்தவரின் கோலம். கன்பூசியஸின் காலத்திலேயே இந்த வேறுபாடு பேசப்பட்டிருக்கிறது. படத்தொகுப்பில் யாராவது ஒரு காட்சியை இடம்வலமாகப் புரட்டிவிட்டால் போதும், கழுத்து மடிப்பு தவறிவிட்டது என்று அன்றிரவே செய்தி வந்துவிடும். அதிகாரியின் மார்பில் பதவியைக் காட்டும் பறவைச் சதுரமும் தப்பாது. மிங் அரச மரபின் காலத்தில் அது ஒரே துண்டு. அதற்கு அடுத்து வந்த சிங் அரச மரபின் காலத்து மேலங்கி நடுவில் திறப்பதால் அந்தச் சதுரமும் நடுவில் பிளந்திருக்க வேண்டும். இந்தக் கூர்மையை நான் மனதார மதிக்கிறேன். எங்களை ஒழுங்காக வேலை செய்ய வைப்பதே அதுதான். ஆனால் கழுத்தில் எத்தனை அடுக்கு என்று எண்ணுகிற கண், அந்தக் கழுத்தில் ஓடும் வியர்வையையும் பார்க்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

திரையில் நான்கு அடுக்கு தெரிகிறது என்றால், நடிகர் நான்கு அங்கிகளை உடுத்தியிருக்க வேண்டிய அவசியம் இல்லை. ஓர் அங்கியின் கழுத்து ஓரத்தில் வெவ்வேறு நிறப் பட்டைகளை மட்டும் ஒன்றன்கீழ் ஒன்றாகத் தைத்துவிடலாம். கைமுனையிலும் அப்படியே. இது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த வேலை. பிறகு ஏன் முழு அடுக்குகளையும் உடுத்தி விடுகிறார்கள்? வாடகைக் கிடங்கில் இருந்து ஒரே நாளில் முந்நூறு துணை நடிகர்களுக்கு ஆடை எடுக்கும்போது, பட்டை தைக்க நேரம் இல்லை. இருப்பதை எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டி அனுப்புவது சுலபம். அந்த முந்நூறு பேரும் சினிமாக் கனவோடு ஊர் ஊராக வந்தவர்கள், நாள் கூலிக்கு நிற்பவர்கள். வேர் விடாமல் மிதப்பவர்கள் என்ற பொருளில் 'ஹெங்பியாவ்' என்று அவர்களுக்கு இங்கே பெயர்.

அடுக்கைக் குறைத்தால் சரித்திரம் கெடும் என்று சில இயக்குநர்கள் சொல்லும்போது எனக்குக் கோபம் வரும். சாங்ஷா நகரின் மவாங்துய் கல்லறையில் 1972இல் ஓர் அங்கி கிடைத்தது. ஹான் அரச மரபின் காலத்துச் சீமாட்டி ஒருத்தியுடையது, இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் பழையது. நீளம் 128 செ.மீ. எடை 49 கிராம், ஒரு கோழிமுட்டையின் எடைகூட இல்லை. அவ்வளவு மெல்லிய பட்டுச் சல்லா நெய்தவர்கள் அவர்கள். சிங் காலத்தில் மூங்கிலின் மெல்லிய கிளைகளைச் சிறு குழல்களாக நறுக்கி, நூலில் கோத்து, வலைபோலப் பின்னி உள்சட்டையாக அணிந்தார்கள். பட்டு உடலில் ஒட்டாது, காற்று ஓடும். சீன இசை நாடக மேடையில் கனத்த சரிகை அங்கிக்குள் வெள்ளைப் பருத்திச் சட்டை ஒன்று உண்டு. அதன் பெயரே 'நீர் உடை', வியர்வையைக் குடிப்பதற்கென்றே தைத்தது. உண்மையான சரித்திரத்தில் வெயிலுக்கு இடம் இருந்தது. பாலியஸ்டர் அங்கியை நான்கு அடுக்காக மாட்டி அதற்கு மரபு என்று பெயர் வைத்தது நாம்தான்.

என் தவறு ஒன்றையும் சொல்ல வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கோட்டைக் காட்சி. படைவீரர்களுக்குப் பிளாஸ்டிக் செதில் கவசம், உள்ளே தடித்த கம்பளித் துணி. விலாப்பக்க நாடா காற்றில் ஆடி கேமராவில் தொந்தரவாகத் தெரிகிறது என்றார்கள். நான் ஊசியை எடுத்து, நாடாவை முடிச்சோடு சேர்த்துக் கவசத்தில் தைத்துவிட்டேன். படம் பார்க்கக் கச்சிதமாக இருந்தது. பிற்பகல் இரண்டு மணி சுமாருக்கு மதில் படிக்கட்டின் அடியில் ஒருவர் சரிந்தார். ஐம்பதைத் தாண்டியவர். கேட்டதற்குப் பதில் குழறியது. கவசத்தைக் கழற்ற நான்கு பேர் இழுத்தும் முடியவில்லை. கழற்ற முடியாதபடி செய்தவள் நான்தான். துணி வெட்டும் பெரிய கத்தரிக்கோலால் விலாவைப் பிளந்தேன். என் கை நடுங்கியதில் கம்பளிக்குப் பதிலாக அவருடைய தோலில் பட்டுவிடுமோ என்று ஒவ்வொரு வெட்டுக்கும் பயந்தேன். தண்ணீர் ஊற்றி விசிறினோம், ஆம்புலன்ஸுக்காக 120க்கு அழைத்தோம். இரண்டு நாள் மருத்துவமனையில் இருந்து பிழைத்தார். நினைவு தெளிந்ததும் அவர் கேட்டது இதுதான்: கவசம் கெட்டுப்போனதற்குக் கூலியில் பிடிப்பார்களா?

அந்தக் கேள்வியை என்னால் இன்றும் மறக்க முடியவில்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. 2012இல் சீன அரசு வெளியிட்ட வெப்பப் பாதுகாப்பு விதிகளின்படி, அன்றைய உச்ச வெப்பநிலை 40 டிகிரியைத் தொட்டால் திறந்தவெளி வேலையை நிறுத்த வேண்டும். 37 முதல் 40 வரை என்றால் மொத்தம் ஆறு மணி நேரத்துக்கு மேல் கூடாது, மிக வெப்பமான மூன்று மணி நேரத்தில் வெளியே வேலை கூடாது. ஆனால் வெப்பமானி காட்டும் 36 டிகிரி, கவசத்துக்குள் இருப்பவருக்கு 36 அல்ல. அந்த வேறுபாட்டை இயக்குநரிடம் எடுத்துச் சொல்லக்கூடியவர் ஆடைப் பிரிவில் இருப்பவர்தான். பேச்சு குழறினால், நடை தள்ளாடினால், கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் வந்தால், காட்சி முடியும்வரை காத்திருக்கக் கூடாது. அந்த நிமிடமே ஆடையைக் கழற்றி உடலைக் குளிர்விக்க வேண்டும்.

தீ இன்னொரு பயம். அகன்ற கை, மெழுகுவர்த்தி வரிசை, அசையும் திரைச்சீலை. சரித்திரக் காட்சி என்றாலே இவை மூன்றும் உண்டு. ஷாவ்சிங் நகரின் கெச்சியாவ் துணிச் சந்தைக்குப் போகும்போதெல்லாம் பையில் லைட்டர் வைத்திருப்பேன். கடைக்காரரிடம் அனுமதி கேட்டு ஓர் இழையை உருவிக் கொளுத்திப் பார்ப்பேன். பட்டு என்றால் முடி கருகும் வாடை வரும், சுடர் எளிதில் பரவாது, சாம்பல் விரலில் பொடியாகும். பாலியஸ்டர் உருகிச் சொட்டும், ஆறியதும் கறுத்த கெட்டி மணியாக நிற்கும். அந்த மணி தோலின் மேல் விழுந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். 2010 அக்டோபரில் ஷாங்காயில் ஒரு தொடரின் வெடிக் காட்சியில் இரண்டு நடிகர்கள் கடுமையாகத் தீக்காயம் அடைந்தார்கள். அங்கே காரணம் வெடி, துணி அல்ல. ஆனாலும் தீ இருக்கும் காட்சியில் உடலோடு ஒட்டியிருப்பது எது என்ற கேள்விக்குப் பொறுப்பு எங்கள் பிரிவுக்கு உண்டு. செலவு கூடினாலும் தீக்காட்சிக்கு உள்ளாடையைப் பருத்தியிலோ பட்டிலோ, கைப்பகுதியைப் பட்டில் கேட்டு வாங்குங்கள்.

தலைச்சுமை பற்றியும் ஒரு வார்த்தை. பெய்ஜிங் அருகே திங்லிங் கல்லறையில் கிடைத்த மிங் பேரரசியின் பீனிக்ஸ் கிரீடம் இரண்டு கிலோவுக்கு மேல் எடை கொண்டது. அரசி அதைச் சடங்கு நாள்களில் சூடினாள். நடிகை பத்து மணி நேரம், நாள் கணக்கில் சூடுகிறாள். ஒரு காட்சிக்கும் அடுத்ததற்கும் இடையில் கழற்றி மாட்டும்படி அடிப்பட்டையைத் தனியாகச் செய்தால் கழுத்து தப்பும்.

இப்போது என் தையலறையில் எந்தக் கவசமும் கனத்த அங்கியும் வெளியே போகும் முன், எங்களில் ஒருவர் அதை உடுத்திக்கொண்டு தரையில் மல்லாந்து படுப்பார். இன்னொருவர் கடிகாரம் பிடிக்க, மூன்றாமவர் கழற்றுவார். முப்பது விநாடியைத் தாண்டினால் அந்த ஆடை மேசைக்குத் திரும்பும். விலா நாடாக்கள் எல்லாம் ஒரே இழுப்பில் அவிழும் சுருக்கு முடிச்சு. இழுக்க வேண்டிய முனையில் மட்டும் சிவப்பு நூல் சுற்றியிருக்கும், கேமராவுக்குத் தெரியாதபடி உட்பக்கமாக. ஒவ்வொரு நாளும் காலையில் வீரர்களை வரிசையாக நிறுத்தி, அந்தச் சிவப்பு முனையை அவரவர் விரலால் ஒருமுறை தொட்டுப் பார்க்கச் சொல்கிறேன்.