கையில் மின்னும் பிளக் எஞ்சினுக்குள் திணறுவது ஏன்?

தேவகோட்டையிலிருந்து வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: தாத்தா காலத்து அம்பாசிடரின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, வயரோடு எஞ்சின் உடலில் வைத்துப் பார்த்தால் பொறி பளிச்சென்று வருகிறது, திரும்ப மாட்டினால் வண்டி திணறுகிறது, பிளக்கை மாற்றத்தான் வேண்டுமா? மாற்றத்தான் வேண்டும். வெளியே வரும் பொறியை நம்பக் கூடாது.

பேட்டரியின் 12 வோல்ட், காயிலின் மின்தூண்டலால் பல்லாயிரம் வோல்ட்டாக உயர்வது பள்ளிப் பாடம். அது பிளக்கின் இரு முனைகளுக்கிடையே அரை மில்லிமீட்டருக்குச் சற்று மிகுந்த காற்று இடைவெளியைத் தாண்ட வேண்டும். காற்று மின்சாரத்தைக் கடத்தாது. ஆனால், அதில் தனித்துத் திரியும் எலக்ட்ரான்கள் சில எப்போதும் உண்டு. மின்புலம் விரட்ட, வேகம் பிடித்த ஓர் எலக்ட்ரான் எதிர்ப்படும் மூலக்கூறில் மோதி இன்னொன்றைப் பெயர்க்கிறது. ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, கணப்பொழுதில் காற்றே கம்பியாகிவிடுகிறது.

மோதுமுன் வேகம் பிடிக்க இடம் வேண்டும் என்பதே இதிலுள்ள சூட்சுமம். சிராவயல் மஞ்சுவிரட்டுப் பொட்டலில் அவிழ்த்துவிட்ட காளை எடுக்கும் வேகத்தை, அதே காளை சந்தை நெரிசலில் எடுக்க முடியாது. பிஸ்டன் பெட்ரோல்-காற்றுக் கலவையை ஏறத்தாழ ஆறில் ஒரு பங்காக நெருக்கும்போது மூலக்கூறுகள் அடர்ந்துவிடுவதால், எலக்ட்ரான் வேகம் பிடிக்குமுன்பே முட்டி ஆற்றலை இழக்கிறது. ஆகவே, வெளியில் மூவாயிரம் வோல்ட் அளவில் தாவிய பொறிக்கு உள்ளே பல மடங்கு தேவைப்படுகிறது. வாயுவின் அழுத்தத்தையும் இடைவெளியையும் பெருக்கிவரும் தொகையே இத்தேவையைத் தீர்மானிக்கிறது என்பதை 1889-இல் ஜெர்மன் இயற்பியலாளர் ஃபிரீட்ரிக் பாஷன் காட்டினார்.

தேய்ந்த பிளக் தோற்பது இங்கேதான். ஒவ்வொரு பொறியும் உலோகத்தைத் துளித் துளியாக அரிப்பதால் இடைவெளி அகல்கிறது. மின்புலம் குவிந்து நிற்கும் கூரிய விளிம்புகளும் மழுங்கிவிடுகின்றன. மின்முனையைச் சூழ்ந்த பீங்கானில் கரி படிந்திருந்தால், வோல்ட் ஏறுமுன்பே மின்சாரம் அவ்வழியே கசிந்துவிடும். மத்திய மின்வேதியியல் ஆய்வகம் அமைய அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் வழங்கிய காரைக்குடிப் பக்கத்திலேயே, மக்கர் செய்யும் வண்டிக்கு டயரின் அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குவோர் இருப்பது எனக்கு வருத்தமே. பழம் நசுங்குவதால் பிளக்கின் இடைவெளி குறைவதில்லை.

எஞ்சின் நன்றாக ஆறியபின், பிளக்கைச் சுற்றியுள்ள செம்மண் புழுதியை முதலில் ஊதி எடுங்கள். இல்லையேல் அது சிலிண்டருக்குள் விழும். வயர்களை ஒவ்வொன்றாகவே கழற்றுங்கள். நான்கையும் ஒருசேரப் பிடுங்கினால் சிலிண்டர்களுக்குப் பொறி போய்ச்சேரும் 1-3-4-2 என்ற வரிசை குழம்பிவிடும். புதிய பிளக்கின் இடைவெளியை ஃபீலர் கேஜால் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) சரிபார்த்து, கையாலேயே இறுதிவரை திருகி, அதன்பின் ஸ்பேனரால் அரைச் சுற்று மட்டும் முடுக்குங்கள். வாஷர் நசுங்கி அமர அது போதும். பலத்தைக் காட்டினால் மரை போய்விடும்.