சத்தத்தை விட்டுச் சுருதியைப் பிடித்தவர்கள்

1946 செப்டம்பர் 29 அன்று பி.பி.சி. ‘மூன்றாம் நிகழ்ச்சி’ என்னும் புதிய வானொலிச் சேவையைத் தொடங்கியது. ஆங்கில இசையமைப்பாளர் ஹென்றி பர்செல் 1694இல் அரசி மேரியின் பிறந்தநாளுக்காக இயற்றிய வாழ்த்துப் பாடல் அன்று மாலையே ஒலிபரப்பாயிற்று. அதில் பெண்குரலின் உயரத்தில் பாடிய ஆல்ஃபிரட் டெல்லர், பேசும்போது சாதாரண ஆண்குரலில் பேசுபவர். இங்கிலாந்தின் தேவாலயப் பாடற்குழுக்களில் ஆண்கள் இப்படி மேல்குரலில் பாடும் வழக்கம் அறுபடாமல் இருந்துவந்தாலும், தனிப்பாடகருக்குரிய குரலாக அதை எண்ணியவர் அரிது. போர்க்காலத்தில் கேன்டர்பரி தேவாலயத்தில் டெல்லரைக் கேட்ட இசையமைப்பாளர் மைக்கேல் டிப்பெட், பர்செலின் பாடல்கள் காத்திருந்த குரல் இதுவே என்று உணர்ந்து, அவரை லண்டன் மேடைக்கு அழைத்துவந்தார்.

‘பொய்க்குரல்’, ‘கள்ளக்குரல்’ என்று நாம் குறைத்துப் பேசும் குரல்தான் அது. ஆனால் அது உருவாகும் முறையில் பொய் எதுவும் இல்லை. வழக்கமான குரலில் குரல் நாண்கள் தடித்து, முழு ஆழத்திலும் அதிர்ந்து, ஒவ்வொரு சுற்றிலும் நன்றாக மூடிக்கொள்கின்றன. அந்தத் திடீர் மூடுதலே செறிவான மேற்சுரங்களை, அதாவது அடிப்படை அதிர்வெண்ணின் மடங்குகளாக உடன் எழும் ஒலிகளைப் பிறப்பிக்கிறது. மேல்குரலிலோ குரல்வளையின் குருத்தெலும்புகள் சாய்ந்து நாண்களை நீட்டி மெலிதாக்க, அவற்றின் ஓரங்கள் மட்டுமே அதிர்கின்றன. மூடுதல் மென்மையாக நிகழ்வதால் மேற்சுரங்கள் விரைவில் தேய்ந்து, குரல் புல்லாங்குழலை நெருங்குகிறது. இத்தகைய குரலில் ஒவ்வொரு சொல்லுக்கும் தனி நிறம் தரலாம் என்று காட்டியது டெல்லரின் அரிய சாதனை.

இத்தகைய குரல் ஓபரா என்னும் மேலை இசை நாடகத்தின் பேரரங்கில், பெரிய வாத்தியக் குழுவோடு எளிதில் எடுபடாது. அதற்கான காரணத்தைச் சுவீடன் நாட்டு ஒலியியல் அறிஞர் யோஹான் சுன்ட்பெரி தெளிவாக்கினார். பெரிய வாத்தியக் குழுவின் ஆற்றல் ஏறத்தாழ 500 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 500 அதிர்வுகள்) அருகே குவிந்து, அதற்கு மேல் சரிகிறது. பயிற்சி பெற்ற ஓபரா ஆண்குரல்கள் தொண்டையின் வடிவை மாற்றி 3,000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஓர் ஆற்றல் முகட்டை எழுப்பி, வாத்தியங்கள் வலுவிழக்கும் அந்த இடைவெளி வழியாக ஒலிபெருக்கியின்றியே அரங்கின் கடைசி வரிசையை எட்டுகின்றன. 19ஆம் நூற்றாண்டின் பேரரங்குகள் உண்டாக்கிய தேவை இது. விலங்கின் குடலால் செய்த தந்தி பூட்டிய வயலின்களும், பியானோவுக்கு முந்தைய விசைப்பலகை வாத்தியமான ஹார்ப்சிகார்டும், மீட்டி வாசிக்கும் லூட்டும் சிறு கூடங்களில் ஒலித்த காலத்தின் இசைக்கு அந்த முகடு வேண்டியதில்லை. 20ஆம் நூற்றாண்டில் பழைய இசையை அக்கால வாத்தியங்களிலேயே வாசிக்கும் முயற்சியில் அவை திரும்பி வந்தபோது, குரலும் தன் சுமையை இறக்கிவைக்க முடிந்தது.

அந்த விடுதலையின் முழுப் பயனை நான் ஆங்கிலப் பாடகி எம்மா கிர்க்பியின் பாட்டில் கேட்கிறேன். 1949இல் பிறந்த கிர்க்பி ஆக்ஸ்ஃபோர்டில் கிரேக்கமும் இலத்தீனும் படித்தவர். ஓபராவுக்காகத் தயாரானவர் அல்லர். கிறிஸ்டோபர் ஹாக்வுட் நடத்தி 1980இல் வெளிவந்த ஹேண்டலின் ‘மெசையா’ பதிவில் அவருடைய குரல் ஸ்வரத்தின் நடுவில் நேராகச் சென்று நிற்கிறது. அப்படி நிற்பதால் என்ன கிடைக்கிறது என்பதைக் கணக்கிட்டே பார்க்கலாம். ஒருவர் 220 ஹெர்ட்ஸில் ஒரு ஸ்வரத்தைப் பிடிக்கிறார் என்று கொள்வோம். அதற்கு 5:4 விகிதத்தில் அமையும் தூய காந்தாரம் 275 ஹெர்ட்ஸ். நம் தம்புராவில் தானாக எழும் சுயம்பு காந்தாரத்தின் விகிதமும் இதுவே. இன்றைய பியானோவில் அதே காந்தாரம் 277.2 ஹெர்ட்ஸ். வேறுபாடு ஓர் அரைச்சுரத்தின் நூறு பங்கில் 14 பங்குதான் என்றாலும், கீழ் ஸ்வரத்தின் ஐந்து மடங்கான மேற்சுரம் 1,100 ஹெர்ட்ஸிலும் மேல் ஸ்வரத்தின் நான்கு மடங்கான மேற்சுரம் சுமார் 1,109 ஹெர்ட்ஸிலும் மோதுவதால், நொடிக்கு ஏறக்குறைய 9 முறை ஒலி விம்மித் தணிகிறது. தூய இடைவெளியில் அந்த விம்மல் அடங்கி, இரு குரல்களும் ஒன்றில் ஒன்று கரைகின்றன. 16, 17ஆம் நூற்றாண்டுகளின் விசைப்பலகைகள் பலவும் இந்தத் தூய காந்தாரத்தை ஒட்டியே சுருதி கூட்டப்பட்டன.

ஓபராக் குரலின் வைப்ராட்டோ என்னும் சீரான நடுக்கமோ நொடிக்கு 5 முதல் 7 முறை, மேலும் கீழும் அரைச்சுரத்தின் பாதி அளவுக்கோ அதற்கும் அதிகமாகவோ அசைகிறது. 14 பங்கு நுட்பம் அந்த ஐம்பது பங்கு அசைவுக்குள் மறைந்துவிடும். ஒரு தனிக்குரலில் அந்த அசைவு உயிர்ப்பாக ஒலிக்கலாம். பல குரல்கள் இணையும் பழைய இசையில் அது இணைவின் ஓரங்களை மழுக்கிவிடுகிறது.

இதனால் பழங்காலத்துப் பாடகர்கள் அசைவே இல்லாமல் பாடினார்கள் என்று முடிவுகட்டுவது தவறு. குரலின் நடுக்கத்தை ஓர் அணியாக, வேண்டிய இடத்தில் பயன்படுத்துவதைப் பற்றி அக்கால நூல்கள் பேசுகின்றன. கிர்க்பியின் குரலிலும் நீண்ட ஸ்வரங்களின் முடிவில் மெல்லிய அசைவு மலர்வதைக் கேட்கலாம். எங்கே அசைப்பது, எங்கே நிறுத்துவது என்னும் தேர்வு மீண்டும் பாடகரின் கைக்கு வந்தது என்பதே இவர்களிடம் நான் வியப்பது. முன்னால் பாடிக் காட்டியவர் அதிகம் இல்லாத நிலையில், பெரும்பாலும் காதையும் பழைய ஏடுகளையும் நம்பி அவர்கள் அதைச் செய்தார்கள்.

1960இல் ஆங்கில இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டன், ஷேக்ஸ்பியரின் ‘நடுவேனிற் கனவு’ நாடகத்தை ஓபராவாக்கியபோது, தேவதை உலக அரசன் ஓபரானின் பகுதியை டெல்லருக்காகவே எழுதினார். அந்தக் குரலின் இயல்பை நன்கறிந்த அவர், ஓபரான் பாடும் இடங்களில் பித்தளை வாத்தியங்களின் பெருமுழக்கத்தைத் தவிர்த்து, மணிபோல ஒலிக்கும் சிறு விசைப்பலகை வாத்தியமான செலஸ்டாவையும், யாழ் போன்ற ஹார்ப்பையும் அதற்குத் துணையாக வைத்தார்.